பூடுவீங்களா, பூட்டுவீங்களா

காலையில் ஃபோனில் ஒரு பயிற்சி வீடியோ வந்தது. உள்ளடங்கிய ஊர்களில் வேலைக்குச் சேரும் புது ஆசிரியர்களை ஓடிவிடாமல் தக்கவைப்பது எப்படி என்று ஒருவர் ஏசி அறையிலிருந்து விளக்கிக்கொண்டிருந்தார். பார்த்தேன் என்று சொல்வது பெரிய வார்த்தை. அதை ஓடவிட்டுவிட்டு இட்லி சாப்பிட்டேன். ஜன்னல் வழியே நெல் அவிக்கிற வாசனை வந்தது. அது மூக்கில் ஏறினால் போதும், எனக்கு என் பழைய ஸ்கூட்டர் ஞாபகம் வந்துவிடும். வாலாஜாபாத் ரைஸ் மில் பக்கத்தில்தான் அது தினமும் இருமி இருமி நிற்கும்.

அந்த ஸ்கூட்டரில்தான் உத்திரமேரூர் பக்கத்துப் பள்ளிகளைச் சுற்றினேன். புது ஆசிரியர்களைப் பார்த்துப் பேசி, தைரியம் சொல்லி, இருக்கவைப்பது என் உத்தியோகம். வழிகாட்டி என்று பெயர். பள்ளிக்கு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று பாதி நாள் மாடு மேய்ப்பவர்களிடம் கேட்டுக்கொண்டிருந்தவனுக்கு அந்தப் பெயரை வைத்தவர் நல்ல குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

திருப்புலிவனம் தாண்டி உள்ளே ஒரு ஈராசிரியர் பள்ளி. தலைமையாசிரியர் அசையமாட்டார், இன்னொரு நாற்காலிக்கு வருகிறவர்கள் மூட்டை கட்டிக்கொண்டே இருப்பார்கள். அப்படி வந்தவர்தான் முத்துச்செல்வி டீச்சர், தென்காசிப் பக்கம். பாடம் அருமையாக நடத்துவார். ஆனால் ஒருநாள் நான் போனபோது முகம் வாடியிருந்தது.

"பிள்ளைங்க ஒட்டவே மாட்டக்கு சார். மாசக் கடைசியில ஊருக்குப் போயிருதேன்."

அவர் போனால் அந்த வருஷம் வேறு ஆள் வராது. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வராந்தாவில் சும்மா உட்கார வேண்டியதுதான். கையேட்டில் படித்த ஆறுதலையெல்லாம் ஒப்பித்தேன். மரியாதைக்குக் கேட்டுக்கொண்டு டீ கொடுத்தார்.

பள்ளி விடுகிற நேரம். மூன்றாம் வகுப்பு சங்கீதா பையை மாட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"டீச்சர், நீங்களும் பூடுவீங்களா?"

"பூடுவீங்களா இல்லம்மா, பூட்டுவீங்களா. நடுவுல ஒரு ட் வரணும்" என்று திருத்திவிட்டு, சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார் டீச்சர். "ஆமா, நான்தான் பூட்டுவேன்."

சங்கீதா தலையைக் குனிந்துகொண்டு போனாள்.

எனக்கு டீ புரையேறியது. போய்விடுவீர்களா என்று அவ்வளவு நீளமாகக் கேட்க எங்கள் பக்கத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது. பூடுவீங்களா, அவ்வளவுதான். குழந்தை கேட்டது கதவைப் பற்றி இல்லை, உங்களைப் பற்றி என்று சொன்னேன். கையேட்டுக்கு வெளியே எனக்கிருந்த ஒரே தகுதி வாலாஜாபாத்தில் பிறந்தது. டீச்சர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"தெனமும் கேப்பாளே சார். நானும் தெனமும் ஆமான்னுலா சொன்னேன்."

தினமும் போகிறேன் போகிறேன் என்கிற டீச்சரிடம் எந்தப் பிள்ளை ஒட்டும்?

செருப்புகூடப் போடாமல் ஓடினார். கேட்டைத் தாண்டியிருந்த சங்கீதாவை நிறுத்தி, அவள் முன்னால் குந்தி, மூச்சு வாங்க, எங்கள் பேச்சிலேயே சொல்லப் பார்த்தார்.

"நான் பூட்ட மாட்டேன்."

குழந்தை அவர் கையிலிருந்த சாவியைப் பார்த்தது. முகத்தைப் பார்த்தது.

"பூட்ட மாட்டேன் இல்ல டீச்சர். பூட மாட்டேன். ட் வராது."

"பூட மாட்டேன்."

இன்னொரு தடவை சொல்லவைத்துவிட்டுத்தான் விட்டாள்.

டீச்சர் போகவில்லை. அதை என் சாதனையாக மேலிடத்தில் எழுதிக்கொண்டார்கள். எனக்கும் ஆட்சேபணை இல்லை. இப்போது வழிகாட்டிகள் யாரும் நேரில் போவதில்லை, எல்லாம் ஃபோனிலேயே முடிந்துவிடுகிறது. ஃபோனுக்குப் புரையேறாது.

முத்துச்செல்வி டீச்சர் இன்னும் அதே பள்ளியில்தான் இருக்கிறார். அவர் பேச்சில் அந்தத் தென்காசி 'மாட்டக்கு'தான் இல்லை. எப்போது உதிர்ந்தது என்று அவருக்கே தெரியவில்லை. போன பொங்கலுக்குத் தென்காசி போனவர், அடுப்படியில் எட்டிப் பார்த்து, "இன்னா கொழம்பும்மா?" என்று கேட்டிருக்கிறார். அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு மகளையே பார்த்துக்கொண்டு நின்றாராம்.