வலையிறவுப் பாலத்தைச் சுற்றிப் போன மூன்று காலைகள்

கடந்த ஆகஸ்ட் நீண்ட வார இறுதியில் மட்டக்களப்புக்குப் போனோம். வாவி பார்ப்பதற்காக அல்ல. என் மனைவி சுகந்திக்கு அங்கே, நாற்பது வயதைத் தாண்டிய பெண்களுக்கான டென்னிஸ் போட்டி இருந்தது. தோளில் சத்திரசிகிச்சை செய்து இரண்டு வருடம் ரக்கெட்டைத் தொடாதவள். இந்த முறையும் வலித்தால் விளையாட்டை விட்டுவிடுவதாகச் சொல்லியிருந்தாள். கொழும்பிலிருந்து ஏறக்குறைய 315 கிலோமீற்றர். காலை ஐந்தரை பஸ்ஸில் ஏறி, பிற்பகல் இரண்டுக்கு இறங்கினோம். வழி முழுக்க அவள் தோளை அழுத்திக்கொண்டே இருந்தாள்.

டென்னிஸ்காரர்களோடு பயணம் செய்யாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். எங்கள் கழகத்தில் ஒருவர், வென்ற அன்று போட்ட காலுறையைத் தோற்கும் வரை தோய்ப்பதில்லை. அவரோடு ஒரே வேனில் போவதை எல்லோரும் தவிர்ப்போம். சுகந்தி ஆடுகளத்துக் கோடுகளை மிதிக்கமாட்டாள். ஒவ்வொரு முறை சேர்வ் அடிக்கும் முன்பும் சட்டைக் கையையும் காதோரத் தலைமயிரையும் தொடுவாள். "வெல்லுவாய்" என்று யாரும் சொல்லிவிடக்கூடாது. மீண்டும் பயிற்சி தொடங்கிய பிறகு இவையெல்லாம் இன்னும் கூடிவிட்டன.

நாங்கள் தங்கியது கல்லடியில். அங்கிருந்து நகரத்து மைதானம் மூன்று கிலோமீற்றர்தான். முதல் நாள் ஆட்டம் ஒன்பதுக்கு. சுகந்தி ஏழு மணிக்கே ஓட்டோ பிடித்துவிட்டாள். போய்ப் பார்த்தால் மைதானத்து வாசல் பூட்டு. வாசலில் நிற்க அவளுக்கு முடியவில்லை, இரண்டு எட்டு போவதும் திரும்புவதுமாக இருந்தாள். ஓட்டோ ஓட்டிய நிஸார் காத்தான்குடிக்காரர். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "வலையிறவுப் பாலத்தால போய் வவுணதீவில பிளேன்ரீ குடிச்சிற்று வருவமா, மெடம்? ஆறுதலா இரிக்கும்" என்றார். போனோம். பாலத்தில் காற்று முகத்தில் அடித்தது. அக்கரையில் இஞ்சி போட்ட தேநீர் குடித்துத் திரும்பினோம். சுகந்தி வென்றாள்.

அன்று மாலையே அவள் நிஸாரிடம், "நாளைக்கும் அதே வழிதான்" என்று சொல்லிவிட்டாள். இரண்டாம் நாளும் அதே பாலம், அதே கடை. அரையிறுதியையும் வென்றாள். எனக்குப் பாசிக்குடா போகவேண்டும் என்று ஆசை. அதைப் பற்றிப் பேசவே விடவில்லை.

மூன்றாம் நாள் இறுதிப் போட்டி, அதுவும் ஒன்பதுக்கே. தேநீர் குடித்துத் திரும்பும்போது வயல்களுக்கு நடுவே ஓட்டோ இழுக்காமல் நின்றுவிட்டது. நிஸார் குனிந்து பார்த்தார். "எக்சிலேட்டர் வயர் அறுந்துபோச்சு. மறுகா நான் கட்டிக்கிட்டு வாறன். நீங்க நிக்காதீங்க, வேற வாகனத்தில போங்க." வெயிலில் வீதி வெறிச்சென்று கிடந்தது. கால்மணி நேரம் பிந்தினால் எதிராளிக்கு வெற்றி கொடுத்துவிடுவார்கள். சுகந்தி என்னைப் பார்க்கவேயில்லை. ரக்கெட் பையை நெஞ்சோடு அணைத்தபடி வீதி நடுவே நின்றாள். கடைசியில் பால் ஏற்றிவந்த சின்ன லொறி ஒன்று எங்களை ஏற்றிக்கொண்டது.

போய்ச் சேர்ந்தபோது ஒன்பது இருபத்தைந்து. எல்லாம் முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். எதிராளி தர்சினி, ஆரையம்பதியில் ஆசிரியை, நடுவரின் கதிரைக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றிருந்தார். வெற்றியை அறிவிக்கப்போன நடுவரைத் தடுத்து வைத்திருந்தது அவர்தான்.

"ஆடாம வெண்டா அடுத்த போட்டியில தோத்துப்போவன். ரெண்டு தரம் அனுபவிச்சிட்டன்" என்றார் எங்களிடம். "அதான் நீங்க வரட்டும் எண்டு சொன்னன். தண்ணி குடிச்சிற்று வாங்க."

சுகந்திக்கு உடம்பைச் சூடாக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. முதல் செட் போனது. இரண்டாவதில், சட்டைக் கையைத் தொட்டு, மயிரைத் தொட்டு, மறுபடி சட்டைக் கையைத் தொட்டு நின்றவளை நேரம் கடத்துவதாக நடுவர் எச்சரித்தார். அவள் கை அந்தரத்தில் நின்றது. பிறகு எதையும் தொடாமல் பந்தை எறிந்து அடித்தாள். அந்த மூன்று நாளில் அவள் தோளை முழுதாகச் சுழற்றி அடித்த முதல் சேர்வ் அது. அவள் தோளைப் பிடித்துக்கொண்டு குனிவாள் என்று காத்திருந்தேன். அவள் அடுத்த பந்துக்குக் கை நீட்டினாள்.

அந்த செட்டை வென்றாள். மூன்றாவதைத் தோற்றாள். வலையருகே இரண்டு பேரும் என்ன பேசினார்களோ, வெகுநேரம் சிரித்தார்கள்.

மைதானத்து மரநிழலில் இருந்தபோது கேட்டேன், அந்தப் பாலத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று.

"தோள் என்ன செய்யும் எண்டு எனக்குத் தெரியாது. டொக்டருக்கும் தெரியாது" என்றாள். "அந்தப் பாலத்தில என்ன நடக்கும் எண்டு எனக்குத் தெரியும். அவ்வளவுதான்."

இத்தனை நாளும் நான் அவளுடைய பழக்கங்களைக் கேலி செய்தேன். அவள் எவ்வளவு பயந்திருந்தாள் என்று கேட்டதே இல்லை.

போகிறவர்களுக்கு: போட்டிக்காகப் போனால் கல்லடியில் தங்குங்கள், பாசிக்குடாவுக்குத் தனியாக ஒரு நாள் வையுங்கள். ஓட்டோவில் வவுணதீவு போய்வர எங்களுக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் ஆனது. எட்டு மணிக்குப் பிறகு வெயில் சுடும். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். அவசரம் இருக்கும் நாளில் பாலத்துக்கு அப்பால் போகாதீர்கள்.

திரும்பும் பஸ்ஸில், வெலிக்கந்தை வருமுன்னே சுகந்தி தூங்கிவிட்டாள். வலது கையைத் தூக்கித் தலைக்கு மேலே மடித்து வைத்திருந்தாள். இரண்டு வருடமாக அவள் அப்படித் தூங்கி நான் பார்க்கவில்லை. கொழும்பு வரும்வரை எழுப்பாமல் இருந்தேன்.