கை படாமல் அடங்கிய இரைச்சல்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், யாராவது பேய் பிசாசு என்று ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். தம்போய் ஊரில் வயரிங் வேலை செய்கிறேன். விளக்கு தானாக அணைந்தால் சுவிட்சைக் கழற்றிப் பார்ப்பேனே தவிர, திருநீறு தேட மாட்டேன். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன். அதுவும் நடுராத்திரி இல்லை. சனிக்கிழமை பிற்பகல் மூன்று மணி, பக்கத்து வீட்டில் கருவாடு பொரிக்கிற வாசனை மூக்கைத் துளைத்துக்கொண்டிருந்தது.

ஜெயராஜ் என் கூட்டாளி. மாசாயில் வீடு, தொழிற்சாலையில் வேலை, ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் கித்தார். அவனுடைய மின்சாரக் கித்தாரை ஒரு கல்யாண விருந்தில் வாசிக்க இரவல் வாங்கினேன். விருந்து முடிந்து இரண்டு மாதமாகியும் திருப்பிக் கொடுக்கவில்லை. சோம்பல்தான், வேறென்ன. ஒரு வியாழக்கிழமை போன் செய்தான்.

“டேய், நாளைக்குக் கித்தாரைக் கொண்டாந்து குடுடா. பாப்பாவுக்குன்னு ஒரு பாட்டு போட்டேன்ல, அதை ரெக்கார்டு பண்ணி வெக்கணும்.”

“ஞாயித்துக்கிழமை எடுத்துட்டு வரேன்லா, இப்ப என்ன அவசரம்?” என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனான். வலது கை விரலில் இருந்த கல்யாண மோதிரத்தோடுதான் அடக்கம் செய்தோம். குழிக்கு மண் போடும்போதும் என் மனதில் அந்தக் கித்தார்தான் இருந்தது.

நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு முன்னால் அவன் மனைவி ரோஸி கூப்பிட்டாள். “அண்ணே, அந்தப் பாட்டு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அதே கித்தார்ல வாசிச்சு ரெக்கார்டு பண்ணிக் குடுங்க. ஜெபத்துல போடலாம், பாப்பா பெருசானா கேக்கும்.” எல்லாரும் வர வசதியாக ஜெபத்தை ஞாயிறு மாலைக்கு வைத்திருந்தார்கள். நான் உட்கார்ந்ததோ சனிக்கிழமை. அங்கேயும் என் சோம்பல்.

மனைவியும் பிள்ளைகளும் கடைக்குப் போயிருந்தார்கள். வாசல் கிரில் கதவைப் பூட்டிவிட்டு, கித்தாரிலிருந்து ஒரு வயரைச் சின்னப் பெட்டி ஒன்றில் சொருகி, பெட்டியைக் கணினியில் மாட்டினேன். மைக் என்று ஒன்று அந்த அறையிலேயே கிடையாது. ‘உம்ம்ம்’ என்று இரைச்சல் வந்தது. எர்த் சரியில்லாத பழைய வீட்டில் அப்படித்தான். கித்தார்க் கம்பியில் கை வைத்தால் அடங்கும், எடுத்தால் திரும்ப வரும். மனித உடம்பு பட்டால் அடங்குகிற இரைச்சல் அது, மாயம் ஒன்றும் இல்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நாலைந்து முறை வாசித்தேன், எல்லாம் தப்பு. நாளைக்கு அந்தப் பிள்ளை முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். கித்தாரை நாற்காலியில் சாய்த்துவிட்டு, காப்பி கலக்க அடுப்படிக்குப் போனேன். பதிவை நிறுத்த மறந்துவிட்டேன்.

திரும்பி வந்து பார்த்தால் திரையில் கோடு ஓடிக்கொண்டே இருந்தது. இரைச்சல் தடித்த பட்டையாகப் பதிந்திருந்தது. நடுவில் ஓரிடத்தில் மட்டும் பட்டை அறுந்து, மெல்லிய நேர்கோடு. வயர் விட்டுப்போயிருக்கும் என்று நினைத்தேன். ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. அப்புறம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன்.

இரைச்சல். ‘டிக்’ என்று ஒரு சத்தம், கம்பியில் உலோகம் படுவது போல. உடனே அமைதி. மறுபடியும் ‘டிக்’. மறுபடியும் இரைச்சல்.

ஜெயராஜுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாசிக்கும் முன் வலது உள்ளங்கையைக் கம்பிகள் மேல் பரப்பி வைத்து, மாதாவுக்கு ஒரு சின்ன ஜெபம் சொல்வான், மனதுக்குள்ளேயே. வைக்கும்போதும் எடுக்கும்போதும் மோதிரம் கம்பியில் தட்டும். அந்த அமைதி எவ்வளவு நேரம் என்று பார்த்தேன். ஒரு ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம்.

கிரில் கதவை ஓடிப்போய்ப் பார்த்தேன், பூட்டு பூட்டியபடியே தொங்கியது. “மன்னிச்சிருடா, அன்னிக்கே கொண்டாந்து குடுத்திருக்கணும்” என்று வாய்விட்டுச் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு கித்தாரை எடுத்தேன். நம்பினால் நம்புங்கள், ஒரே தடவையில் பாட்டு தப்பில்லாமல் வந்தது.

ஜெபத்தில் அதைப் போட்டபோது ரோஸி அழுதாள். பாப்பா ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தது. கித்தாரைக் கையோடு கொண்டு போயிருந்தேன், நீட்டினேன்.

“நீங்களே வெச்சிருங்கண்ணே. இங்க யாரு வாசிக்கப் போறா? அவரா வந்து கேக்கப் போறாரு?” என்றாள்.

வந்து கம்பியில் கை வைத்தானே என்று அவளிடம் எப்படிச் சொல்வது? திரும்பக் கொண்டு வந்துவிட்டேன்.

அதன் பிறகு அந்தக் கித்தாரைக் கணினியில் மாட்டினால் இரைச்சல் வருவதே இல்லை. எர்த்தை நான் சரி செய்யவில்லை. அக்கா மகனுடைய கித்தாரை அதே வயரில், அதே பெட்டியில் மாட்டிப் பார்த்தேன், ‘உம்ம்ம்’ என்று கத்துகிறது. ஜெயராஜின் கித்தார் மட்டும் நாற்காலியில் தனியாகச் சாய்ந்திருக்கும்போதே அமைதியாக இருக்கிறது. போன வாரமும் மாட்டிப் பார்த்தேன். அதன் கம்பியைத் தொட மட்டும் எனக்கு இன்னும் துணிவு வரவில்லை.