மடுல்சீமை பஸ்ஸில் போன ஹார்ட் டிஸ்க்

பிளாப்பி காலத்தில் கம்ப்யூட்டருக்கு ஹார்ட் டிஸ்க் தேடியபோது, அதிகத் தகவல் கொள்வதையே வாங்கினேன். அந்த வகையில், அணைக்கும் முன், உள்ளே சுழலும் தட்டைப் படிக்கும் முள்ளை நாமே கட்டளை கொடுத்து ஓரத்தில் நிறுத்த வேண்டும்; இல்லாவிட்டால் குலுக்கலில் அது தட்டைக் கீறிவிடும். மடுல்சீமைப் பள்ளிக்கூடக் கண்காட்சிக்குக் கம்ப்யூட்டரை பஸ்ஸில் கொண்டுபோன அன்று அவசரத்தில் மறந்துவிட்டேன்.

"தம்பி, பொட்டிக்கும் டிக்கட் எடுங்க" என்றார் கண்டக்டர். வழியெல்லாம் குழி. அங்கே போய்க் கம்ப்யூட்டரைப் போட்டால், கறகறவென்ற சத்தம்தான். கண்காட்சியில் காட்டுவதற்காக, கம்ப்யூட்டர் திரைக்கென்று நான் மாதக்கணக்கில் வரைந்த தமிழ் எழுத்துகள் அந்த ஹார்ட் டிஸ்கில்தான் இருந்தன.

கூட வந்த நண்பன் பாசில் பையிலிருந்து பிளாப்பி ஒன்றை எடுத்தான். "ஒன் எழுத்தெல்லாம் இதுல இருக்கு. கேட்டா தரமாட்டே, அதான் கேக்காம எடுத்தேன்."

"திருட்டுப்பயலே."

"அப்ப திரும்ப வச்சுக்கவா?"

கண்காட்சி நடந்தது. அடுத்த ஹார்ட் டிஸ்க் வாங்கியபோது, மின்சாரம் நின்றதும் முள் தானே ஓரத்துக்கு ஒதுங்குமா என்றுதான் முதலில் கேட்டேன். இப்போதும் கம்ப்யூட்டரில் எதைச் செய்தாலும் ஒரு பிரதியைப் பாசிலிடம் நானே கொடுத்துவிடுகிறேன்.