பெரட்டுக்களத்தில் கணக்குக் கேட்டார்கள்: ஒரு பசறைப் பயணம்

பொங்கல் முடிந்த அடுத்த வாரம் நான் பசறைக்குப் போனது ஊர் சுற்றிப் பார்க்க அல்ல, ஒரு கணக்காய்வைப் பார்க்க. இதைச் சொன்னதும் அலுவலகத்தில் சிரித்துவிட்டார்கள். பதுளை ரயிலில் ஏறுகிறவர்கள் வழியிலுள்ள பாலத்தில் நின்று படம் எடுப்பார்கள், நீ ஆடிட் பார்க்கவா போகிறாய் என்று கேட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. நான் கொழும்பில் ஒரு கம்பனியின் கணக்குப் பிரிவில் வேலை பார்ப்பவள். லீவு போட்டுவிட்டு இன்னொரு கணக்கைப் பார்க்கப் போகிறவளை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

காரணம் செல்வராணி. பசறையில் என்னோடு ஒரே வாங்கில் இருந்து படித்தவள். இப்போது பசறைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள், அங்குள்ள மாதர் சங்கத்துக்குத் தலைவி. (தோட்டத்தின் பெயரை எழுதாதே என்று சொல்லிவிட்டாள். எழுதவில்லை.) புகையிலைத் தடுப்பு வேலைக்கென்று அவர்கள் சங்கத்துக்கு அரசாங்கம் ஒரு சிறிய நிதி கொடுத்திருந்தது. அதில் செய்ய வேண்டிய வேலை இரண்டு. ஒன்று, பிரசாரம். மற்றது, மூன்று மாதத்துக்கு ஒரு தடவை பதுளையிலிருந்து பல் வைத்தியரின் வண்டியை வரவழைத்து எல்லாருடைய வாயையும் பரிசோதிப்பது. அந்தப் பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்க்க மேற்பார்வை உத்தியோகத்தர்கள் தோட்டத்துக்கே வருகிறார்களாம். தப்பு என்று எழுதிவிட்டால் அடுத்த வருடம் பணம் கிடையாது, வண்டியும் வராது.

வண்டி வராவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் புஷ்பத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். செல்வராணியோடு ஒரே மலையில் கொழுந்து பறிப்பவள். முதல் பரிசோதனையில் அவள் கன்னத்தின் உள்பக்கம் ஒரு வெள்ளைத் திட்டு இருப்பதை வைத்தியர் கண்டுபிடித்தார். கவனிக்காவிட்டால் இது புற்றுநோயாகலாம், புகையிலையை இன்றோடு விடு, ஒவ்வொரு தடவையும் தவறாமல் வந்து காட்டு என்று சொல்லியிருக்கிறார். அவளுக்கு அந்த வண்டி வந்தே ஆக வேண்டும்.

"ஒனக்குத்தான் கணக்கு பாசை தெரியும். வந்து கூட நில்லு," என்றாள் செல்வராணி. அதோடு, போனில் சொல்வது அழைப்பாகாது, நீ வந்து இறங்கு, முறையாக அழைக்கிறேன் என்றும் சொன்னாள்.

இனிப் பயணத்துக்கு வருகிறேன். கொழும்புக் கோட்டையிலிருந்து காலை 5.55 ரயில். வலது பக்க ஜன்னலா இடது பக்க ஜன்னலா என்று சண்டை போடாதீர்கள், இரண்டு பக்கமும் மலைதான். அப்புத்தளை வரும்போது மத்தியானம் தாண்டிவிட்டது. மூடுபனி பெட்டிக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஸ்டேஷனில் ஏறிய வடைக்காரரிடம் இரண்டு வடை வாங்கினேன், மிளகாய் இலவசம். பண்டாரவளை, எல்ல, ரயில் மலையைச் சுற்றி இறங்கும் தெமோதரை வளையம் எல்லாம் கடந்து பதுளையில் இறங்கியபோது மாலை நான்கரை. அட்டவணையில் போட்டிருப்பதை விட அரை மணி நேரம் தாமதம். அந்தப் பாதைக்கு அது தாமதமே இல்லை.

பதுளை பஸ் நிலையத்திலிருந்து பசறை பதினெட்டு கிலோமீட்டர். வளைவுக்கு வளைவு எதிரே வருபவனுக்கு ஹோர்ன் அடித்துக்கொண்டு பஸ் ஒரு மணி நேரம் எடுத்தது. பசறையிலிருந்து தோட்டத்துக்கு ஏழு கிலோமீட்டர் ஆட்டோ, 900 ரூபாய். பாதி வழியில் தார் முடிந்துவிடும், அதற்குப் பிறகு பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆட்டோ ஓட்டியவர் அதே தோட்டத்துக்காரர். நாளைக்குக் கணக்குப் பார்க்க வருகிறவர்களில் நானும் ஒருத்தியோ என்று கேட்டார். இல்லை என்றதும் முகம் தெளிந்தது. தன் மனைவி கலியாணமான நாளிலிருந்து கன்னத்தில் புகையிலை அடக்கியவள் என்றும், இப்போது கராம்புக்கு மாறிவிட்டாள் என்றும் சொன்னார். "என்னால சொல்லி முடியலங்க. செல்வராணி அக்கா ஒரு தட்டத் தூக்கிட்டு வந்தாங்க, முடிஞ்சிருச்சு," என்றார். என்ன தட்டு என்று அப்போது எனக்கு விளங்கவில்லை.

லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், செல்வராணி வீட்டு வாசலில் கால் வைத்ததும் விளங்கியது. தேத்தண்ணி தருவதற்கு முன்பே வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, பக்கத்தில் கராம்பும் ஒடித்த கறுவாப்பட்டைத் துண்டும். "நாளைக்கு மூணு மணிக்கு பெரட்டுக்களத்துல கூட்டம். அவசியம் வந்துரணும்," என்று ஊராருக்குச் சொல்வதைப் போலவே எனக்கும் சொன்னாள். பெரட்டுக்களம் என்பது காலையில் பேர் பதிந்து வேலை பிரித்துக் கொடுக்கும் இடம். நான் ஒரு வெற்றிலையை எடுத்தேன். எடுத்தால் வருகிறேன் என்று வாக்குக் கொடுத்ததாக அர்த்தம். கலியாணமோ கருமாதியோ கோயில் திருவிழாவோ, தோட்டத்தில் அழைப்பு என்பது இதுதான். வெற்றிலையை எடுத்துவிட்டு வராமல் இருந்தவனை அடுத்த வருடம் வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள்.

தட்டில் புகையிலை இல்லை என்பதை அப்போதுதான் கவனித்தேன். நான் சிறுபிள்ளையாக இருந்த காலத்தில் புகையிலை வைக்காமல் தட்டை நீட்டினால் அவமானப்படுத்துகிறாயா என்று கேட்டிருப்பார்கள்.

இதுதான் அவர்கள் செய்த பிரசாரம். வைத்தியர் வண்டி வருவதற்கு முன்பு, சங்கத்துப் பெண்கள் லயம் லயமாகத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு வீட்டையும் வாய் பரிசோதனைக்கு அழைத்திருக்கிறார்கள். தட்டைப் பார்த்தவர்கள் புகையிலை எங்கே என்று கேட்பார்கள். கேட்டதும் இவர்கள் அங்கேயே உட்கார்ந்து விஷயத்தைச் சொல்வார்கள். பாக்கும் நல்லதில்லையே என்றேன். அதையும் வைத்தியர் சொல்லியிருக்கிறாராம், ஒன்றொன்றாக இறக்கலாம் என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது. ஆனால் கணக்குக்காரியின் மூளை சும்மா இருக்குமா? பிரசாரத்துக்குப் போஸ்டர் அடிக்கத்தானே பணம் கொடுத்தார்கள், போஸ்டர் எங்கே என்று கேட்டேன். போஸ்டர் அடிக்கவில்லை, அந்தப் பணத்தில்தான் கராம்பும் கறுவாவும் வெற்றிலையும் வாங்கினோம் என்றாள். அனுமதி கேட்டீர்களா என்றால், வீட்டுக்கு வீடு போய்ச் சொல்வதற்கு எதற்கு அனுமதி என்று திருப்பிக் கேட்டாள். ஒரு வேலைக்கென்று கொடுத்த பணத்தில் இன்னொன்றை வாங்கிவிட்டு, மேற்பார்வைக்கு வருகிறவரிடம் கராம்பைக் காட்டினால் அவர் என்ன எழுதுவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சாப்பிடும்போது அதைச் சொல்லிச் சொல்லி அவளை நச்சரித்தேன். அவள் எனக்கு இன்னொரு ரொட்டியைப் போட்டாள்.

மறுநாள் பெண்கள் பாதி நாளோடு மலையிலிருந்து இறங்கிவிட்டார்கள். அன்றைக்கு அவர்களுக்கு அரைப் பேர்தான், அதாவது பாதிச் சம்பளம். யாரும் முணுமுணுத்ததாகத் தெரியவில்லை. மூன்று மணிக்குச் சொன்ன நேரத்துக்கே ஜீப் வந்து நின்றது. இறங்கியவர்கள் இரண்டு பேர். பதுளையைச் சேர்ந்த பஸீலா மேடம்தான் கணக்காய்வு உத்தியோகத்தர், நாற்பது வயதிருக்கும், கையில் ஒரு கோப்பு, முகத்தில் சிரிப்பு கிடையாது. மற்றவர் அவருக்கு மேலதிகாரி, ஓய்வு பெறப் போகும் வயதுள்ள சிங்கள மனிதர். எல்லாரும் அவரைச் சிங்களத்தில் ஐயா என்பதுபோல மாத்தையா என்றார்கள்.

செல்வராணி இருவருக்கும் தட்டை நீட்டி, வந்ததற்கு நன்றி சொல்லி, அடுத்த பரிசோதனைக்கும் நீங்கள் வர வேண்டும் என்று அழைத்தாள். மேடம் மரியாதைக்குத் தட்டைத் தொட்டுவிட்டு உட்கார்ந்தார். மாத்தையா சந்தோஷமாக ஒரு வெற்றிலையை எடுத்துச் சுண்ணாம்பு தடவினார், பாக்கு வைத்தார். பிறகு அவர் விரல்கள் தட்டைச் சுற்றி எதையோ தேடின.

"பொகயிலை இல்லையா?" என்று கேட்டார்.

பெரட்டுக்களத்தில் அத்தனை பேரும் சிரித்துவிட்டார்கள். எதற்கு வந்திருக்கிறோம் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்ததுபோல அவரும் வெட்கத்தோடு சிரித்தார். சட்டைப் பைக்குப் போன கையைப் பாதியில் திருப்பி எடுத்து, ஒரு கராம்பை வாயில் போட்டுக்கொண்டார். மேடம் மட்டும் சிரிக்கவில்லை, கோப்பைத் திறந்தார்.

நான் பயந்தபடியே முதல் கேள்வி போஸ்டரைப் பற்றியதுதான். எத்தனை அடித்தீர்கள், எங்கே ஒட்டினீர்கள் என்று கேட்டார். செல்வராணி எழுந்து நின்று, ஒன்றும் அடிக்கவில்லை என்றாள். நான் அவளுக்குப் பின்னால் நின்று முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

"எங்க தோட்டத்துல சுவத்துல ஒட்டினா அது சேதியாகாதுங்க, மேடம். வெத்திலை வச்சு சொன்னாத்தான் சேதி," என்றாள். பிறகு வாங்கியவற்றை ஒளிக்காமல் சொன்னாள், எதற்கு என்றும் சொன்னாள். அனுமதி கேட்க வேண்டும் என்பது தெரியாது, அது எங்கள் பிழைதான் என்றாள்.

மேடம் அதோடு விடவில்லை. வெற்றிலை வைத்ததால் ஆட்கள் மாறினார்கள் என்று எப்படி நம்புவது என்று கேட்டார். நல்ல கேள்வி. என் வரிப்பணமும் இதில் இருக்கிறது, அந்த இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். அப்போது யாரும் எதிர்பார்க்காமல் புஷ்பம் எழுந்தாள். கூட்டத்தில் வாய் திறக்காதவள் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள்.

"சிகரெட் படம் போட்ட போஸ்டர் முந்தி ஒருக்கா ஒட்டினாங்க. நான் சிகரெட் குடிக்கிறவ இல்லையே, எனக்கு இல்லன்னு இருந்துட்டேன். தட்ட எங்கிட்ட நீட்டினப்பதான் எனக்குச் சொல்றாங்கன்னு தெரிஞ்சுது. வெத்திலைய எடுத்தேன், அதனால வாயக் காட்ட வந்தேன். இல்லாட்டி இந்த வெள்ளைய யாரு பாத்திருப்பா?"

சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். பஸீலா மேடம் கொஞ்ச நேரம் எழுதினார். பிறகு, நான் என்ன எழுதப் போகிறேன் என்பதை இங்கேயே சொல்லிவிட்டுப் போகிறேன் என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த இடத்தில்தான். அனுமதி இல்லாமல் செலவை மாற்றியது தவறு, அந்த ஆட்சேபணை இருக்கும். அடுத்த திட்டத்தில் இதே வேலையை இதே பெயரில் முன்கூட்டியே எழுதிக் கேட்க வேண்டும். வேலை நடந்திருக்கிறது, பலனும் தெரிகிறது, நிதியும் வண்டியும் தொடர வேண்டும் என்றும் எழுதுவேன் என்றார். ஒருவரும் கை தட்டவில்லை. தட்டலாமா கூடாதா என்று அவர்களுக்குத் தெரியவில்லை. புஷ்பம் மட்டும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

ஆட்சேபணை எழுதினாரே, வருத்தமில்லையா என்று செல்வராணியிடம் பிறகு கேட்டேன். "கொழுந்து எத்தன கிலோன்னு தெனமும் கேக்குறாங்க. அரசாங்கப் பணத்துக்கு எங்ககிட்ட கணக்குக் கேட்டது இதான் மொத தடவ. எங்கள நம்பிக் குடுத்ததாலதானே கேக்குறாங்க?" என்றாள். இருபது வருடமாகக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன், ஆடிட் வந்ததற்குப் பெருமைப்பட்ட ஒருவரை இதுவரை பார்த்ததில்லை. அவள் என் சிநேகிதி என்று சொல்லிக்கொள்வதில் எனக்கு அன்றைக்கு எவ்வளவு கர்வம் தெரியுமா?

ஜீப்பில் ஏறப் போன மாத்தையா திரும்பி வந்தார். மேடத்துக்குக் கேட்காத தூரத்தில் நின்று, இடது கன்னத்தைத் தடவிக்கொண்டே, இந்த வாய் பார்ப்பது தோட்டத்து ஆட்களுக்கு மட்டுமா என்று மெதுவாகக் கேட்டார்.

"அதென்ன மாத்தையா, நீங்கதான் வெத்திலைய எடுத்துட்டீங்களே," என்றாள் செல்வராணி.

இந்தப் பக்கம் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். மழைக் காலத்தில் மண்சரிவால் ரயில் பாதை மூடப்படுவதுண்டு, கிளம்புமுன் ஸ்டேஷனில் கேட்டுக்கொள்ளுங்கள். பசறையிலிருந்து மாலை ஆறுக்குப் பிறகு பஸ்ஸை நம்பாதீர்கள், ஆட்டோக் கட்டணத்தை ஏறுமுன் பேசிவிடுங்கள். குளிருக்கு ஒரு ஸ்வெட்டர் போதாது. லயத்துக்குள் சொல்லாமல் போய்ப் படம் எடுக்காதீர்கள், அவை மனிதர் குடியிருக்கும் வீடுகள். யார் வீட்டுக்காவது போவதானால் பிஸ்கட் பெட்டிக்குப் பதிலாக நூறு கிராம் கராம்பு வாங்கிப் போங்கள், நல்ல வரவேற்பு இருக்கும். உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டத்துக்கு அரசாங்கப் பணம் வந்திருந்தால், அது என்ன ஆனது என்று ஒரு நாள் போய்க் கேளுங்கள். கேட்பது சண்டை போடுவதல்ல. தட்டை நீட்டினால் மட்டும் யோசித்து எடுங்கள்.

போன வாரம் வண்டி வந்ததாம், செல்வராணி போனில் சொன்னாள். புஷ்பத்தின் திட்டு பெரிதாகவில்லை, கொஞ்சம் மங்கியிருக்கிறது. அன்றைக்கு வரிசையில் அவளுக்குப் பின்னால் நின்றவர் மாத்தையா. பதுளையிலிருந்து பஸ்ஸில், தனியாக, லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறார். அவர் முறை வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கிறார். புஷ்பம் பக்கத்தில் போய் நின்றாளாம்.

"பயப்படாதீங்க மாத்தையா. வாயப் பெருசாத் தொறங்க. நானும் அப்பிடித்தான் தொறந்தேன்."