அழுகவிட்ட மாம்பழம்

பிரெஞ்சுக்காரர்கள் போன மறு வருஷம், ஒட்டு மாங்கன்று வாங்க சுரக்குடியிலிருந்து காரைக்கால் மாதிரித் தோட்டத்துக்குப் போனேன். அங்கிருந்த மேற்பார்வையாளரை நினைத்தால் இன்றும் எனக்கு எரிகிறது. கஞ்சி போட்ட காக்கிச் சட்டை, கக்கத்தில் பிரம்பு. விழுந்த பழத்தை யாராவது தொடப்போனால் பிரம்பால் தரையைத் தட்டுவார். மரத்தடியில் பழங்கள் அழுகி ஈ மொய்த்தன.

"ஒரு கீத்து தின்னு பாத்துட்டு கன்னு வாங்கிக்கிறேங்க," என்றேன்.

"இது பாக்கறதுக்குப் போட்ட தோட்டம். பாத்தாச்சுல்ல, கெளம்புங்க."

"ருசி தெரியாத மரத்த எவன் நடுவான்?"

அவர் தரையைத் தட்டினார். வெறுங்கையோடு திரும்பினேன்.

அடுத்து வந்த மாங்கனித் திருவிழாவில், சாமி ஊர்வலம் வரும்போது மாடிகளிலிருந்து மாம்பழங்களை வீசினார்கள். கூட்டத்தில் எனக்கு முன்னால் துண்டை விரித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். ஒரு பழம் வந்து விழுந்தது.

"இத யாருக்குக் காட்டப் போறீங்க?" என்று கேட்டேன்.

அவர் பழத்தை அங்கேயே தோலோடு கடித்தார். சாறு முழங்கைவரை வழிந்தது. தன் தோட்டத்துப் பழத்தை அந்த மனிதர் ஒருநாளும் தின்றதில்லை என்று அப்போதுதான் எனக்குப் பட்டது. கோபம் தணியவில்லை, அது யார்மேல் என்றுதான் தெரியாமல் போயிற்று.