கண்ணாடியில் வழிந்த சந்தனம்

நேற்றுக் காலை சாமிப்படத்துக்குச் சந்தனம் குழைத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் மகள் தயிர்ப் பேணியைத் திறந்தாள். புது மூடியின் பிளாஸ்டிக் வாசமும் சந்தனமும் சேர்ந்து வந்தன. அந்த இரண்டும் சேர்ந்தால் எனக்கு லண்டன் வெம்பிளியில் நான் வேலை செய்த தொழிற்சாலைதான். சிரிக்காமல் கேளுங்கள்.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. அங்கே தயிர் மூடி செய்யும் வேலை. ஜெர்மனியிலிருந்து புது மெஷின் வந்து, அதைப் பூட்டி ஓடவைத்த ஜெர்மன் எஞ்சினியரும் கூட நின்றார். பிளாஸ்டிக் மணிகள் உருகி, அச்சுக்குள் இறுகி, மூடியாக விழும். ஒரு கண்ணாடிக் கண் ஒவ்வொன்றையும் பார்த்து, பழுதானதைக் காற்றால் ஊதித் தள்ளும். எட்டாம் வகுப்போடு நின்ற எனக்கு அது தீராத அதிசயம். சாப்பாட்டு நேரத்திலும் அதற்கு முன்னால்தான் நிற்பேன்.

ஆயுத பூசை வந்தது. ஷிப்ட் தொடங்குமுன் மெஷினுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். அதற்கு நெற்றி எது? கண்ணுக்கு மேலேதானே. சந்தனம் தண்ணீர்ப்பதமாக இருந்ததை நான் கவனிக்கவில்லை.

மெஷின் ஓடியது. விழுந்த மூடி எல்லாவற்றையும் ஊதித் தள்ளியது. எஞ்சினியர் அதை நிறுத்தி, குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தார். எனக்கோ வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. வீட்டில் மனைவி ஏழு மாதம்.

எங்கள் மேற்பார்வையாளர் சிவம் அண்ணை, ஜெர்மனியில் பத்து வருசம் வேலை செய்துவிட்டு லண்டன் வந்தவர். கண்ணாடியில் வழிந்திருந்த சந்தனத்தைக் குனிந்து பார்த்தார்.

"என்ன தம்பி, மெஷினுக்குக் கலியாணமோ?"

"வேலை போயிடும் அண்ணை. துடைச்சுப்போட்டுப் பேசாமல் நிக்கட்டோ?"

"விசர்க்கதை கதையாதையும். ஆர் செய்ததெண்டு இந்த ஜெர்மன்காரங்கள் கேக்கமாட்டாங்கள். ஏன் நடந்ததெண்டு தெரியாட்டி முழு மெஷினையும் கழட்டிப்போடுவாங்கள்."

முருகனை நினைத்துக்கொண்டு கையை உயர்த்தினேன். அண்ணை ஜெர்மன் மொழியில் சொல்ல, எஞ்சினியர் சந்தனத்தை விரலில் தொட்டு மணந்து பார்த்தார். ஏதோ கேட்டார்.

"ஏன் வைச்சனீர் எண்டு கேக்கிறான்."

"சோறு போடுற மெஷின் எல்லோ. நன்றி சொன்னனான் எண்டு சொல்லுங்கோ."

அதையும் எழுதினார். என் பெயரை எழுதவில்லை. பிறகு கண்ணாடியைத் துடைத்து, மெஷினின் பக்கத்தகட்டில் கறுப்புப் பேனையால் காசளவு வட்டம் ஒன்று கீறினார்.

"இனி இதுக்குள்ள வையுமாம்," என்றார் அண்ணை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு பூசைக்கும் அந்த வட்டத்துக்குள்தான் வைத்தேன்.

இப்போது தொழிற்சாலை இருந்த இடத்தில் அடுக்குமாடி வீடுகள். மெஷினை வேறு நாட்டுக்கு விற்றுவிட்டார்களாம். அந்தக் கொப்பியும் கூடப் போனதோ தெரியாது. போகாவிட்டால், சந்தனம் ஊறிய அந்த வட்டம் ஏன் என்று அங்கே கேட்பவருக்குப் பதில் சொல்ல ஆளில்லை.