டூயட்டில் என் பாதி

மொன்ட்ரியாலை ஒட்டிய புரோசார்டில் அந்த மண்டபத்தை விட்டு வெளியேறி, கார்கள் நிறுத்தும் வெளியைக் குறுக்கே கடந்துகொண்டிருந்தேன். உள்ளே பாட்டு இன்னும் முடியவில்லை. குளிர்ச்சட்டையைக் கதிரையிலேயே விட்டுவிட்டேன். ஏப்ரல் காற்று ஊசி மாதிரிக் குத்தியது. திரும்பிப் போய் எடுக்க மனம் வரவில்லை.

அது ஒரு பாட்டு வெளியீட்டு விழா. பாடகி இங்கேயே பிறந்த யாழ்ப்பாணத்துப் பிள்ளை. கலியாண வீடுகளில் எல்லோரையும் ஆடவைக்கும் பொப் பாட்டுகளால் பெயர் எடுத்தவள். அவளுக்குக் கன்ட்ரி என்கிற மாட்டுப் பண்ணைக்காரர் பாட்டுப் பாட வேண்டும், அதுவும் தமிழில், ஓர் ஆண்குரலோடு டூயட்டாக, என்று ஆசை வந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். அல்பேர்ட்டாவில் மாட்டுப் பண்ணையில் சாணம் அள்ளிய காலத்தில், கூட வேலை செய்தவர்களிடமிருந்து அந்தப் பாட்டுகளைப் பிடித்துக்கொண்டேன். பண்ணைத் தூசும் நெஞ்சில் தங்கிவிட்டது. ஒரு பிறந்தநாள் வீட்டில் நான் பாடியதைக் கேட்டு அவள்தான் என்னிடம் வந்தாள்.

குளிர்காலம் முழுவதும் மொன்ட்ரியால்-நோரில் அவள் வீட்டு நிலக்கீழ் அறைக்கு பஸ் ஏறிப் போனேன். சொல்லை எங்கே இழுப்பது, குரலை எங்கே உடையவிடுவது என்று பாடிக் காட்டினேன்.

"அண்ணை, உங்கட குரல்ல மாட்டு வாசம் அடிக்குது. அதுதான் எனக்கு வேணும்" என்று சிரித்தாள்.

ஒலிப்பதிவு செய்தவன் சென்னையிலிருந்து படிக்க வந்தவன். முழுப் பாட்டையும் என்னைப் பாடவைத்து எடுத்தான். டூயட்டில் என் குரல் வருகிறது என்று அன்றைக்கே அறைத் தோழர்களிடம் சொல்லிவிட்டேன். வெளியீட்டுக்கும் அவர்களைக் கூட்டிவந்து முன் வரிசையில் இருத்தினேன்.

பாட்டு தொடங்கியது. அவள் குரல் வந்தது. பிறகு வந்த ஆண்குரல் என்னுடையது இல்லை. டொரண்டோவில் பெயர்பெற்ற பாடகன் ஒருவனுடையது. ஆளும் மேடையில் நின்றான்.

"என்னடாப்பா, உன்ர தொண்டை எப்ப இவ்வளவு வடிவாய் வந்தது?" என்று தோழன் ஒருவன் என் விலாவில் இடித்தான்.

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். இரண்டாம் சரணத்தில் ஒரு சொல்லின் நடுவே நெஞ்சு இறுகி நான் மூச்சு வாங்கியிருந்தேன். அவனும் அதே இடத்தில் மூச்சு வாங்கினான். அப்போதுதான் எழுந்தேன்.

சென்னைக்காரன் பின்னால் ஓடிவந்தான்.

"அண்ணா, கோச்சுக்கிட்டீங்களா? எங்க ஊர்ல இப்படித்தாண்ணா. முதல்ல ஒருத்தர் பாடிக் குடுப்பாரு. அதைக் கேட்டு பெரிய சிங்கர் பாடுவாரு. அப்புறம் முதல் குரலை அழிச்சிடுவோம். உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

"அவளுக்குத் தெரியுமோ?"

"அந்த டொரண்டோ சிங்கரை ஃபிக்ஸ் பண்ணதே அவங்கதாண்ணா. நீங்க வர்றதுக்கு முன்னாடியே."

பஸ் தரிப்பில் நிற்கும்போது அவள் தொலைபேசியில் வந்தாள்.

"எங்க அண்ணை போயிட்டியள்? வாங்கோ, மேடையில உங்களுக்கு நன்றி சொல்லப்போறன்."

"எதுக்கு?"

"கன்ட்ரி பழக்கித் தந்ததுக்கு."

"நான் பழக்க வரேல்லை, பிள்ளை. பாட வந்தனான்."

"பேந்து கதைப்பம் அண்ணை, ஆக்கள் நிக்கினம்" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை, ஹோட்டல் துணிகள் வெளுக்கும் ஆலை ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். மேற்பார்வை செய்த பெண் காதடைப்பான் ஒரு சோடியை நீட்டினாள். இந்த இரைச்சலில் பேச்சும் கேட்காது, ரேடியோவும் கேட்காது, அதனாலேயே பலர் வேலையில் நிலைப்பதில்லை என்று பிரெஞ்சும் ஆங்கிலமும் கலந்து சொன்னாள். எப்போது தொடங்கலாம் என்று கேட்டேன். ஈரப் படுக்கை விரிப்புகள் குவிந்திருந்த ஒரு தள்ளுவண்டியைக் காட்டினாள்.